கப்பலை உடைத்துவிட்டார்கள்

என் அப்பா மலாயாவுக்கு எப்படி வந்தார் என்று கேட்டால், எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் எத்தனையோ அத்தனை பதில்கள் கிடைக்கும். மூத்தவனிடம் அவர் சொன்னது, டிக்கெட்டுக்குக் காசு போதாமல் கப்பல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீந்தியே வந்த கதை. என் அக்கா மகளுக்கு, நடுக்கடலில் கப்பித்தானுக்கு வழி மறந்துபோக, இவர் இறங்கிப் போய் விசாரித்துவிட்டு வந்த கதை. கடைக்குட்டிக்கு வேறு: "நான் பஸ்ஸுலதான்யா வந்தேன். அப்பல்லாம் கடல் ஏது? அப்புறம்தானே தண்ணி ஊத்துனானுங்க." அவன் அதைப் பாலர் பள்ளியில் போய் அடித்துச் சொல்ல, ஆசிரியை எனக்குப் போன் செய்தார்.

அப்பா போனபிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். காகிதங்களுக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறி, பினாங்கைத் தொட்டு, போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியிருக்கிறார். இன்றைய போர்ட் கிள்ளான். 1926இல் கட்டிய அந்தக் கப்பலின் தளத்தில் பாயைப் போட்டு, ஏறக்குறைய ஒரு வாரம், ஆயிரக்கணக்கானவர்களோடு ஒருவராக. 1953இல் குடிநுழைவுச் சட்டம் இறுகியது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்து சேர்ந்திருக்கிறார். "கதவைச் சாத்துறதுக்குள்ள காலை விட்டுட்டேன்" என்பார். அவர் சொன்னவற்றில் அது ஒன்றுதான் காகிதத்தோடு ஒத்துப்போனது.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். நாடு சுதந்திரம் பெற்ற பிறகும் வெகுகாலம், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான். "நான் கம்யூனிஸ்ட் இல்லீங்க, கார்டு மட்டுந்தான் சிவப்பு" என்று போலீஸ்காரரிடமே சொல்லியிருக்கிறாராம். அவசரகாலப் பயம் இன்னும் முழுசாகத் தெளியாத காலம் அது. அசட்டுத் துணிச்சல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. பெர்மிட் கிடைக்காதவர்களும், கிடைக்காது என்று அஞ்சியவர்களும் தோட்டம் தோட்டமாகப் பெட்டி கட்டினார்கள். பாதி ஆயுளை இங்கே கழித்தவர்கள், இங்கே பிறந்த பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, அந்தப் பிள்ளைகள் பார்த்தே இராத ஊருக்குக் கப்பலேறினார்கள். எங்கள் லயத்தில் இரண்டு பக்கத்து வீடுகளும் காலியாயின. அம்மா அதிகம் பேசாதவர். அந்த வருஷத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறார்: "அந்த வருசம் பூரா உங்கப்பா ஒரு தடவகூட யாரையும் கேலி பண்ணல."

ஒருவழியாக நீல அட்டை வந்தது. அதை முதலில் காட்டியது கிராணி வீட்டு நாயிடம். நாள்தோறும் பெரட்டுக்குப் போகையில் இவரைத் துரத்துகிற நாய். "பாத்துக்க. இனிமே குரைக்கிறதுன்னா மரியாதையாக் குரைக்கணும்."

பிறகு தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் துண்டாடப்பட்டன. கின்ராரா தோட்டம் பண்டார் கின்ராரா ஆனது. நாங்களும் பூச்சோங்கில் ஒரு தாமான் வீட்டுக்கு வந்தோம். 14ஆவது மைல் மட்டும் பெயர் மாறாமல் நின்றது. "நாடே கிலோமீட்டருக்குப் போயிருச்சு, இந்த ஒரு மைலை மட்டும் நமக்குன்னு விட்டு வச்சிருக்கானுங்க" என்பார். 1999இல் டாமன்சாரா-பூச்சோங் நெடுஞ்சாலை திறந்தபோது, டோல் சாவடியில் கார் நிற்கும்போதெல்லாம் கண்ணாடியை இறக்கி, தான் நடந்துபோன காலத்துக்கான பாக்கியைக் கேட்பார். எந்தப் பேரங்காடிக்குக் கூட்டிப் போனாலும், அது கிள்ளானாக இருந்தாலும், அங்கேதான் அவர் பால் வெட்டிய நிரை இருந்திருக்கும். "இந்தச் செருப்புக் கடை இருக்குல்ல, இங்க ஒரு மரம். சொட்டுப் பால் குடுக்காது. கடையிலயும் பாரு, ஈ ஓட்டுறான்." பேரப்பிள்ளைகள் கடைக்காரரைப் பாவமாகப் பார்ப்பார்கள்.

எதைக் கேட்டாலும் ஆளுக்கொரு பதில் சொன்ன மனிதர், ஒரு கேள்விக்கு மட்டும் எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார். ஏன் தாத்தா ஊருக்குத் திரும்பிப் போகவில்லை? "போகலாம்னுதான் கெளம்புனேன். கப்பலை உடைச்சிட்டானுங்க."

உடைத்தது உண்மை. எழுபதுகளில் ரஜூலாவின் ஓட்டம் முடிந்து, அதைப் பழைய இரும்பாக்கினார்கள். ஆனால் அதன் இடத்துக்கு எம்.வி. சிதம்பரம் வந்து எண்பதுகளின் நடுப்பகுதி வரை ஓடியது. அதில் ஊருக்குப் போகிறவர்களை வழியனுப்ப என்னையும் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனவர் அப்பாதான். பெட்டியின் அடியில் சித்தப்பா எழுதிய நீல ஏர்மெயில் கிடந்தது. ஆத்தா போய்ச் சேர்ந்து முப்பது நாள் முடிந்துவிட்டது, நீ சிரமப்பட்டு வர வேண்டாம் அண்ணே என்று இருந்தது. ரஜூலா ஓடிக்கொண்டிருந்த காலத்துத் தேதி. அந்தக் கடிதம் வந்ததே எங்களில் யாருக்கும் தெரியாது.

அதே கடிதத்தில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. சித்தப்பா போட்டிருந்த கணக்குப்படி அப்பாவுக்கு அடையாள அட்டையில் (ஐ.சி.) இருப்பதைவிட இரண்டு வயது கூடுதல். ஐ.சி.யில் பிறந்தநாள் ஜனவரி 1; யாரோ ஒரு குமாஸ்தா நிரப்பியது. "நான் பொறந்த சந்தோசத்துலதான் உலகம் பூரா பட்டாசு வெடிக்குது" என்று பேத்திகளை நம்பவைத்திருந்தார். பத்திரிகையில் நினைவஞ்சலி கொடுக்கும்போது இரண்டு வயதையும் போடலாமா என்று கேட்டேன். விளம்பரப் பிரிவுக்காரர் சிரிக்காமல், ஐ.சி.யில் உள்ளதைத்தான் போட முடியும் என்றார். அப்படியே போட்டோம். கடைசியிலும் இரண்டு வயதைக் குறைத்துக்கொண்டுதான் போயிருக்கிறார் மனிதர்.