நலம் பெறுவதை எதைக் கொண்டு அளப்பது?

மனநல மருத்துவப் பிரிவுக்கு வரும் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டாக்டர், எத்தனை சதவீதம் குணமாகியிருக்கிறது?" சர்க்கரை நோயாளியின் உறவினருக்கு ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம், இரத்த அழுத்தத்துக்கும் எண் உண்டு. மனநோய்க்கு அவ்வாறான இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. ஆயினும் கேள்வி நியாயமானது. வயல் வேலையையும் கடையையும் விட்டுவிட்டு மாதந்தோறும் பேருந்தேறி வரும் தாய்க்கும் அண்ணனுக்கும் விடை கேட்கும் உரிமை உண்டு. அந்த விடையை நாங்கள் இதுவரை சொல்லிவந்த முறை பாதி விடையே என்பது எங்கள் கருத்து.

முதலில், இப்போது எவ்வாறு அளக்கிறோம் என்பதைக் கூறிவிடுகிறோம். மனச்சிதைவு நோய்க்கு உலகெங்கும் பயன்படுவது 1987இல் வெளிவந்த 'பான்ஸ்' என்னும் அளவுகோல். அதில் 30 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். காதில் குரல் கேட்பது, பிறர் தமக்குத் தீங்கு செய்வதாக நம்புவது போன்றவற்றை அது 'நேர்மறை அறிகுறிகள்' என்று குறிக்கும். நேர்மறை என்றதும் நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். இயல்பான மனத்தில் இல்லாத ஒன்று புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள். இந்த அளவுகோலில் மதிப்பெண் குறைந்தால் நோய் குறைந்திருக்கிறது. மருந்தின் அளவைத் தீர்மானிக்க இது மிகவும் உதவுகிறது.

இரண்டாவது, மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காகப் பயன்படும் 'ஐடியாஸ்' அளவுகோல். இந்திய மனநல மருத்துவர் சங்கத்தின் மறுவாழ்வுக் குழு உருவாக்கியது. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேசுதலும் புரிந்துகொள்ளுதலும், வேலை ஆகிய நான்கிலும் ஒருவருக்கு எவ்வளவு இடர்ப்பாடு உள்ளது என்பதை அது கணக்கிடுகிறது. நோயுற்றிருந்த ஆண்டுகளுக்கும் மதிப்பெண் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பல சலுகைகளைப் பெறலாம்.

இவ்விரண்டும் தேவையானவை. ஆனால் இரண்டுமே நோயையும் இழப்பையும் அளப்பவை. ஒருவர் புதிதாகப் பெற்றதை எழுதிவைக்க இவற்றில் இடமில்லை.

அடையாளங்களை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். தோவாளைப் பக்கத்துக் கிராமத்தவர், நாற்பதை நெருங்கியவர், பதினைந்து ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து உட்கொள்கிறார். இரண்டு ஆண்டுகளாக அவருடைய அறிகுறி மதிப்பெண் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "இப்பவும் தனியாப் பேசுகான் டாக்டர்" என்றார் அவருடைய தாயார். அதே மாற்றமின்மையைச் சீட்டில் குறித்துவிட்டு அடுத்தவரை அழைக்க இருந்தோம். அப்போது அவரே பேசினார்: "விடியக்காலம் பூச்சந்தைக்குப் போறேன். சத்தம் வந்தாலும் வேலை ஓடுது. மருமவ காதுகுத்துக்கு எங் கையால ஆயிரம் ரூவா மொய் வச்சேன்." தங்கை மகளுக்குத் தாய்மாமன் என்ற முறையில் அவர் சபையில் நின்றது அதுவே முதன்முறை. தாயார் அதைச் சொல்ல மறந்துவிட்டார்; நாங்களோ கேட்கவே இல்லை.

நோயின் குறி முழுதும் மறையாமலே ஒருவர் நிறைவான, நம்பிக்கையுள்ள, பிறருக்குப் பயன்படும் வாழ்வை வாழ முடியும் என்பதை அமெரிக்க மறுவாழ்வியல் அறிஞர் வில்லியம் அந்தோணி 1993இல் வலியுறுத்தினார். இதற்கு 'மீட்சி' என்று பெயர். பின்னர் மீட்சியை அளக்கும் வினாத்தாள்கள் பல தோன்றின. 2009இல் பிரிட்டனில் வெளிவந்த ஒன்று, மனநோயை அனுபவித்தவர்களையே உடன் அமர்த்தி உருவாக்கப்பட்டது. 2011இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் மீட்சியின் கூறுகளாக ஐந்தைக் கண்டனர்: பிறரோடு தொடர்பு, நம்பிக்கை, 'நான் நோயாளி மட்டும் அல்லேன்' என்னும் அடையாளம், வாழ்வின் பொருள், தன் வாழ்வில் தனக்குரிய அதிகாரம். பூச்சந்தைக்காரர் சொன்ன மூன்று வாக்கியங்களில் இவ்வைந்தில் பெரும்பகுதி அடங்கியிருப்பதைக் காணலாம்.

இவ்வெண்ணம் தமிழ்நாட்டுக்கு அயலானதன்று. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் மருத்துவத்தோடு மறுவாழ்வையும் தன் பணியாகக் கொண்டது. 1980களின் தொடக்கத்தில் சென்னையில் முதன்முறையாக நோயுற்ற 90 பேரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்த ஆய்வு, அறிகுறிகளோடு அவர்களுடைய வேலையையும் திருமண வாழ்வையும் குறித்துவந்தது.

ஆயினும் வெளிநாட்டு வினாத்தாளை அப்படியே மொழிபெயர்த்துக் கையில் கொடுத்தால் போதும் என்று நாங்கள் கருதவில்லை. 'என் வாழ்வின் முடிவுகளை நானே எடுக்கிறேன்' என்னும் வாக்கியத்தை நம் ஊர்க் கூட்டுக் குடும்பத்தில் வாழும் ஒரு மருமகளிடம் காட்டினால் 'இல்லை' என்றே குறிப்பார். நோயற்ற அவருடைய நாத்தனாரும் 'இல்லை' என்றே குறிப்பார். ஆனால் பல ஆண்டுகளுக்குப் பின் கோயில் கொடைக்கு அவர் தாமே பலகாரம் சுட்டு, அதை வீட்டார் தயக்கமின்றி உண்டிருந்தால், அதுவே பெரிய மாற்றம். அதைக் கேட்கும் வினா நம் வீடுகளிலிருந்து பிறக்க வேண்டும். நாஞ்சில் நாட்டில் நெல்லை மரக்காலால் அளந்தோம், பூவை எடையிட்டு விற்கிறோம், தேங்காயை எண்ணுகிறோம். அளக்கும் பொருளுக்கேற்ப அளவை மாறும் என்பது நமக்குப் புதிய பாடமன்று.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். வீட்டாருக்கு, 'தொந்தரவு இல்லை, பேசாமல் இருக்கிறான்' என்பது முன்னேற்றமாகத் தோன்றலாம். அதே மௌனம் அவருக்கு மருந்தின் மயக்கமாகவோ மனச்சோர்வாகவோ இருக்கலாம். தாயின் முன்னிலையில் கேட்டால் பலரும் 'எல்லாம் சுகந்தான்' என்று முடித்துவிடுவர். ஆகவே முதலில் அவரைத் தனியே கேட்க வேண்டும், பிறகு வீட்டாரை. இரு விடைகளும் வேறுபட்டால் ஒன்று பொய் என்று பொருளன்று. அவ்வேறுபாட்டிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

குடும்பத்தாரின் அச்சம் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "தேறிவிட்டான் என்று எழுதினால் அட்டை போய்விடுமோ, உதவித்தொகை நின்றுவிடுமோ?" என்று சிலர் தாழ்ந்த குரலில் கேட்கின்றனர். வறுமையில் இருப்பவர் அவ்வாறு அஞ்சுவதில் குற்றமில்லை. விடியற்காலையில் சந்தைக்குச் செல்பவருக்கும் மருந்தும் ஆதரவும் தேவைப்படலாம். ஒருவருடைய வளர்ச்சி அவருடைய இடர்ப்பாட்டை இல்லாததாக்கிவிடாது. எனவே, மீட்சியைக் குறிக்கும் தாள் அவருடைய கையிலேயே இருக்க வேண்டும் என்றும், சான்றிதழ்க் கணக்கில் அது கலக்கக் கூடாது என்றும் நாங்கள் உறுதியாகக் கருதுகிறோம்.

மற்றொன்றையும் கூறிவிடுகிறோம். நோயிலிருந்து ஏதேனும் பெற்றே தீர வேண்டும் என்ற கடமை எவருக்கும் இல்லை. துன்பம் சிலரைப் பக்குவப்படுத்துகிறது. சிலரை வெறுமனே களைப்படையச் செய்கிறது. இது தேர்வும் அன்று, பக்கத்து வீட்டாரோடு ஒப்பிடும் மதிப்பெண் பட்டியலும் அன்று. ஒருவரை அவருடைய சென்ற ஆண்டோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். நிலை தாழ்ந்த மாதத்தில் பக்கம் வெறுமையாக இருந்தால், அது அவருடைய தவறு ஆகாது. எங்கள் சிகிச்சையை நாங்கள் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் எளியது. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்குங்கள். அது சிகிச்சை பெறுபவருக்கு உரியது. அவர் விரும்பினாலன்றி வேறு எவரும் திறக்க வேண்டாம். மாதம் ஒருமுறை மூன்று வினாக்களுக்கு விடை எழுதட்டும். எழுத இயலாதவர் சொல்ல, அவர் நம்பும் ஒருவர் எழுதலாம். இம்மாதம் நானாகச் செய்த செயல் எது? யாரோடு மனம் விட்டுப் பேசினேன்? அடுத்த மாதம் என்ன செய்ய விரும்புகிறேன்? மருந்துச் சீட்டோடு அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள். அதைப் படிக்காமல் நாங்கள் சீட்டில் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். நோட்டில் நல்ல செய்தி நிறைகிறது என்பதற்காக மருந்தைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். இடையில் அவசரமாகப் பேச வேண்டியிருந்தால் அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்.

"எத்தனை சதவீதம்?" என்று அடுத்த முறை நீங்கள் கேட்கும்போதும் எங்களால் ஓர் எண்ணைச் சொல்ல இயலாது. நோட்டை அவரிடமே கொடுத்து, அவர் படிக்க விரும்பும் பக்கத்தை உங்களுக்குப் படித்துக் காட்டும்படி கேட்போம்.