முதல் பைக்குக்கு சஸ்பென்ஷன் அப்கிரேடு: ஷாக்ஸ் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி டேப்பை எடுங்க!

வேகத்தடையைக் கவனிக்காமல் ஏறி இறங்கினால் முதுகுத்தண்டு வரைக்கும் ‘ணங்’னு ஒரு அடி. ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350-ஐ முதல் பைக்காக வாங்கிய பலருக்கும் இது பழகிப்போன விஷயம். 2022 ஆகஸ்ட்டில் வண்டி அறிமுகமானபோதே, லுக்கையும் ஹேண்ட்லிங்கையும் பாராட்டிய விமர்சகர்கள் பின்பக்க சஸ்பென்ஷன் ரொம்ப இறுக்கம் என்றார்கள். 2025-ல் வந்த புது ஹன்டரில் நிறுவனமே பின் ஸ்பிரிங்கை மாற்றியது. ஆக, குறை சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை.

பழசு லீனியர் ஸ்பிரிங். எவ்வளவு அமுங்கினாலும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒரே அளவு எதிர்ப்பு. புதுசு புரோகிரசிவ். சின்னக் குழிக்கு இளகிக் கொடுக்கும், பெரிய அடி விழும்போது இறுகிக்கொள்ளும்.

சரி, பழைய மாடல் வைத்திருப்பவர் என்ன செய்வது? இஎம்ஐ பாதிகூட முடிந்திருக்காது, கண்ணு மட்டும் கேனிஸ்டர் வைத்த கேஸ் ஷாக்ஸ் பக்கம் போகும். போகட்டும், தப்பில்லை. ஊரையே எழுப்பும் சைலன்சருக்குக் கொட்டுற காசை இதுக்குப் போடுறது எவ்வளவோ மேல். சஸ்பென்ஷனின் முதல் வேலை சொகுசு இல்லை, டயரை ரோட்டோடு ஒட்டி வைப்பது. டயர் தரையை விட்டு எழும்பும் நொடியில் ஏபிஎஸ் இருந்தும் பிரயோஜனமில்லை. வளைவில் திடீர்னு குழி வந்தால், புதுசா ஓட்டுறவர் விழுவதும் தப்பிப்பதும் அந்த நொடியில்தான் முடிவாகும்.

ஆனா ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு இருக்கு. ஹன்டரின் பின் ஷாக்ஸில் பிரீலோடை ஆறு நிலைகளில் மாற்றலாம். அதைத் தொடாமலேயே வருஷக்கணக்கில் ஓட்டுறவங்கதான் அதிகம். பிரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகிடும்னு ஒரு நம்பிக்கை உண்டு. அது சரியில்லை. ஸ்பிரிங்கின் குணம் அப்படியேதான் இருக்கும். ஆள் உட்காரும்போது வண்டி எவ்வளவு அமுங்குது என்பதுதான் மாறும். இதற்குப் பெயர் ‘சேக்’.

அளக்கிறது சுலபம். பின் சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்தி, ஆக்சிலில் இருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழ் ஒரு புள்ளி வரை டேப் வைத்து அளக்க வேண்டும். அப்புறம் ஹெல்மெட், ஷூ, ஆபீஸ் பேக் சகிதமாக உட்கார்ந்து, நண்பரை விட்டு மறுபடி அளக்கச் சொல்லணும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக். மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருந்தால் நல்லது. ஹன்டரின் பின் சக்கர அசைவு 102 மி.மீ. என்பதால், சுமார் 34 மி.மீ. வரணும்.

குறைந்தபட்ச பிரீலோடிலும் இந்த அளவுக்கு அமுங்கவில்லை என்றால், அந்த ஸ்பிரிங் அவருடைய எடைக்கு அதிகம். அதிகபட்சத்தில் வைத்தும் அளவுக்கு மீறி அமுங்கினால், போதாது. இந்த ரெண்டு கேஸிலும் ஷாக்ஸ் மாற்றுவதற்கு நியாயம் இருக்கு. மற்றவர்களுக்கு ஸ்பேனரே போதும். கூடவே டயர் பிரஷரையும் பார்க்கணும்; ஏர் பிடிக்கும் இடத்தில் ‘40 போட்டுட்டேன் சார்’ என்றால் எந்த ஷாக்கும் காப்பாத்தாது.

முன்பக்கத்தை யாரும் கண்டுக்கிறதில்லை. ஃபோர்க் ஆயில் நாளாக நாளாகக் கெட்டுப்போகும். பிரேக் பிடித்தால் வண்டி முன்னாடி குத்துற மாதிரி சாயும். ஆயிலையும் சீலையும் மாற்றுவது, புது ஷாக்ஸ் விலையோடு ஒப்பிட்டால் சின்ன செலவு.

அதற்கப்புறமும் வாங்கித்தான் ஆகணும்னா, ஓட்டுபவரின் எடையையும் பின்னாடி ஆள் ஏறுமா என்பதையும் கேட்டு ஸ்பிரிங் தரும் விற்பனையாளரிடம் போகலாம். மலிவு விலை ஷாக்ஸில் அழகுக்காக மட்டும் ஒட்டிய காலி கேனிஸ்டரும் வருது. நீளமும் முக்கியம். ஒரிஜினலை விட நீளமான ஷாக் போட்டால் பின்பக்கம் உயர்ந்து ஹேண்டில்பார் துறுதுறுன்னு ஆகும், சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகமா சாயும். கழற்றிய பழைய ஷாக்ஸைப் பத்திரமா வெச்சிருக்கணும். வண்டியை விற்கும்போது வாங்குறவர் முதலில் கேட்பது அதைத்தான்.