கேட்டைத் திறக்கும் கோடு யாருக்கு?

உத்தபுரம் தீண்டாமைச் சுவரில் 2008 மே 6 அன்று பாதை திறந்தார்கள். சுவர் கண்ணுக்குத் தெரிந்தது, போராட முடிந்தது. இன்று எங்கள் திண்டுக்கல் பக்கத்துப் பெண்கள் வீட்டுவேலை பார்க்கும் சென்னை, பெங்களூரு அடுக்குமாடிகளில் சுவர் செல்போனுக்குள் இருக்கிறது. மைகேட் போன்ற செயலிகளில் விருந்தாளிக்கு நுழைவுக் குறியீடு வாட்ஸ்அப்பில் போகிறது; காட்டினால் கேட் திறக்கும், மரியாதையாக. வேலைக்கார அக்காவுக்கும் ஓர் எண் உண்டு. ஆனால் அவர் வந்த நேரம், போன நேரம், வேலை பார்க்கும் வீடுகள், வாங்கிய நட்சத்திரங்கள் எல்லாம் குடியிருப்போர் கையில். சம்பளத்தை இழுத்தடிக்கும் வீட்டுக்கு அவர் எங்கே நட்சத்திரம் போடுவார்? எண்ணை முடக்கினால் ஒரே நாளில் எல்லா வீட்டு வேலையும் போகும், விசாரணை கிடையாது. இதைப் பாதுகாப்பு என்கிறார்கள். (தனி லிஃப்டும் பாதுகாப்புக்குத்தானாம்!) 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன்னைப் பற்றிய பதிவைக் கேட்கவும் திருத்தவும் உரிமை தருகிறது. அந்தப் பதிவு தமிழில், அக்காவின் கைக்கு வர வேண்டும். காரணம் எழுதித் தராமல் எவர் எண்ணையும் முடக்கக் கூடாது. குடியிருப்போர் சங்கங்களிடம் இதைத்தான் கேட்கிறோம்.