கருவி மட்டும் போதுமா?

பள்ளி ஆண்டு விழாவில் பேசுபவர் மைக்கைக் கையில் பிடித்தபடி ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றால் என்ன நடக்கும்? 'கீ...' என்று ஓர் ஊளைச் சத்தம் காதைத் துளைக்கும். பெட்டியிலிருந்து வரும் ஒலி மைக்கில் நுழைகிறது, பெருக்கப்படுகிறது, பெட்டி வழியே வெளியேறி மறுபடியும் மைக்கில் நுழைகிறது. இந்தச் சுற்று ஓயாமல் நடப்பதால் எழுவதே அந்த ஊளை.

இந்த மைக்கும் ஒலிபெருக்கியும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் ஒருவருடைய காதிலேயே அமைந்தால் எப்படி இருக்கும்? காதின் பின்புறம் மாட்டிக்கொள்ளும் கேட்புக் கருவி அப்படிப்பட்டதுதான். அதன் மைக் காதுக்கு மேலே இருக்கிறது. பெருக்கப்பட்ட ஒலி ஒரு மெல்லிய குழாய் வழியே காதுத் துவாரத்துக்குள் செல்கிறது. குழாயின் நுனியில், காதின் வடிவத்துக்கேற்ப வார்க்கப்பட்ட ஓர் அடைப்பான் இருக்கும். அதுதான் காது அச்சு. கருவி பொருத்துபவர்கள் 'மோல்டு' என்பார்கள்.

கருவியின் விலையையும் திறனையும் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இந்தச் சின்னஞ்சிறு அச்சைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கடுமையான செவித்திறன் இழப்பு உள்ளவருக்குக் கருவி எவ்வளவு முக்கியமோ, வலிக்காமல் பொருந்தும் அச்சும் அவ்வளவு முக்கியம் என்பதே என் கருத்து.

காரணத்தைக் கணக்கிலேயே பார்க்கலாம். 65 டெசிபல் முதல் 80 டெசிபல் வரையான இழப்பைக் கடுமையான இழப்பு என்று உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் வகுத்துள்ளது. சாதாரணப் பேச்சொலி சுமார் 60 டெசிபல்தான். எனவே கருவி ஒலியை மிகவும் பெருக்கியாக வேண்டும். 40 டெசிபல் பெருக்கம் என்றால் ஒலியழுத்தம் 100 மடங்காகிறது. 60 டெசிபல் என்றால் 1000 மடங்கு! இத்தனை வலுவான ஒலி அச்சின் ஓரத்தில் நூலிழை இடைவெளி கிடைத்தாலும் கசிந்து மைக்கை அடையும். உடனே ஊளைதான்.

வகுப்பில் கருவி ஊளையிட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், சிலர் சிரிப்பார்கள். கூச்சப்படும் மாணவி என்ன செய்வாள்? ஒலியைக் குறைத்துவிடுவாள். குறைத்தால் முதலில் மறைபவை மெல்லிய ஒலிகளே. உயிரெழுத்துகள் வலுவாக ஒலிப்பவை. ஆனால் சொல்லின் தொடக்கத்தில் வரும் க, ச, த, ப ஆகியவை நொடிப்பொழுதில் மறையும் ஒலிகள். இலக்கணம் இவற்றை வல்லினம் என்கிறது. ஒலியாற்றலிலோ இவை மெலிந்தவை! கல்லா, பல்லா என்று அவளுக்குத் தெரியாது. பாடம் புரியாமல் போனதற்குக் காரணம் அவளுடைய அறிவல்ல, அச்சின் ஓரத்திலுள்ள இடைவெளி.

அப்படியானால் அச்சை இறுக்கமாகச் செய்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சிக்கல். காதுக் குழாயின் வெளிப்பகுதி குருத்தெலும்பால் ஆனது. உட்பகுதியில் எலும்பின்மேல் மெல்லிய தோல்தான் உண்டு. அதை அழுத்தினால் வலிக்கும், புண்ணாகும். மேலும் தாடை மூட்டு காதுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. காதுக்கு முன்புறம் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள், அசைவு தெரியும். மெல்லும்போதும் பேசும்போதும் காதுக் குழாயின் வடிவமே சற்று மாறுகிறது. ஆகவே நல்ல அச்சு என்பது இறுக்கமும் இதமும் சேர்ந்தது.

பொருளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். அக்ரிலிக் கெட்டியானது, நெடுநாள் உழைக்கும், வலிக்கும் இடத்தை எளிதில் தேய்த்துச் சரிசெய்யலாம். சிலிகோன் மென்மையானது, தாடை அசையும்போதும் காதோடு ஒட்டி நிற்கும், அதனால் வளரும் பிள்ளைகளுக்கும், மிகுந்த பெருக்கம் தேவைப்படுவோருக்கும் பெரும்பாலும் ஏற்றது. ஆனால் நாளடைவில் கிழியக்கூடும். கடையில் கிடைக்கும் பொதுவான ரப்பர் நுனிகள் லேசான இழப்புக்கு உதவலாம். கடுமையான இழப்புக்குப் போதா. இன்றைய டிஜிட்டல் கருவிகள் ஊளையைத் தாமே அடக்குமே என்பார்கள். ஓரளவுக்கு உண்மை. ஆனால் ஓட்டை அச்சை அவற்றால் ஈடுகட்ட முடியாது.

அச்சு ஒரு முறை செய்தால் தீர்ந்துவிடும் பொருளும் அல்ல. பிள்ளைகளின் காது வளர்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் அளவு பார்க்க வேண்டும். குழாய் சில மாதங்களில் மஞ்சளித்து விறைத்துவிடும். புதுக்கோட்டை வெயிலில் வியர்வை குழாய்க்குள் துளியாகத் தேங்கி ஒலியை அடைப்பதும் உண்டு.

இங்கேதான் நம் மாவட்டத்தை நினைக்கிறேன். புதுக்கோட்டையில் 2017ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. மகிழ்ச்சியே. ஆனால் மணமேல்குடிக் கடற்கரையிலோ பொன்னமராவதிப் பக்கமோ வாழும் குடும்பத்துக்கு மாவட்டத் தலைநகர் தொலைவு. அளவெடுக்க ஒரு நாள், பொருத்த ஒரு நாள், வலித்தால் சரிசெய்ய இன்னொரு நாள். மூன்று நாள் கூலி போகும். அதனால் வலிக்கும் அச்சோடு கருவியும் பெட்டிக்குள் போய்விடுகிறது.

மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் வட்டார வள மையத்துக்கும் செவித்திறன் வல்லுநர் ஒருவர் குறித்த நாளில் வந்து அளவெடுத்து, அடுத்த முறை அச்சைப் பொருத்திச் சரிபார்க்கட்டும். செலவாகுமே என்பார்கள். அணியப்படாத கருவிக்குச் செலவழித்த பணம்தான் உண்மையில் வீண் செலவு. எத்தனை கருவிகள் வழங்கினோம் என்று எண்ணுவது போதாது. எத்தனை பேர் நாள் முழுதும் அணிகிறார்கள் என்று எண்ண வேண்டும். சைகை மொழியே போதும் என்று கருவியை வேண்டாதவர்களும் உண்டு. அது அவர்கள் உரிமை. ஆனால் கருவியை விரும்புகிறவர் வலிக்கு அஞ்சி அதைக் கைவிடும் நிலை வரக்கூடாது.

மாணவ நண்பர்களே, நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. உங்கள் வகுப்பிலோ வீட்டிலோ கருவி அணிபவர் இருந்தால், அது ஊளையிடும்போது சிரிக்காதீர்கள். அச்சின் மேல்நுனி காதுமடலின் மடிப்புக்குள் சரியாக நுழைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல நேரங்களில் வலிக்கும் ஊளைக்கும் அதுவே காரணம். அச்சைக் கருவியிலிருந்து கழற்றி, வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே மாட்ட வேண்டும். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றக்கூடாது. காதில் சீழ் வடிந்தால் அச்சை அணியாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலியைப் பொறுத்துக்கொள்வது பெருமையல்ல. "வலிக்கிறது, சரிசெய்து கொடுங்கள்" என்று கேட்பது அணிபவரின் உரிமை.