புதுசு தர வேண்டாம், இருக்கிறதை வாழ விடுங்கோ

புது விண்டோஸ் ஒன்று வரப்போகுது என்று ஒரு வதந்தி கிளம்பினாலே போதும், யூடியூப்பில் திருவிழா தொடங்கிவிடும். "எதிர்பார்க்கப்படும் 10 வசதிகள்", "இதெல்லாம் வந்தால் வேற லெவல்" என்று தலைப்புகள். கண்ணாடி மாதிரி மின்னும் மெனு, மிதக்கும் டாஸ்க்பார், அசையும் வோல்பேப்பர், கேட்காமலே பதில் சொல்லும் ஏஐ. கீழே கொமென்டில் எங்கட பெடியளும் பெட்டையளும் தங்கட பங்குக்கு ஒரு பட்டியல் போடுவினம்.

ஆசைப்படுவதில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பட்டியல்களை ஒருக்கா ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். அவை யாருடைய மேசையில் இருக்கிற கொம்பியூட்டருக்காக எழுதப்பட்டவை? போன வருடம் வாங்கிய, 16 ஜிபி ரம் உள்ள, வரம்பில்லாத இன்டர்நெட்டோடு இணைந்திருக்கிற ஒரு கொம்பியூட்டருக்காக. அது எங்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது? நாங்கள் எங்களுக்கு இல்லாத வீட்டுக்குத் திரைச்சீலை தெரிவு செய்துகொண்டிருக்கிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். விண்டோஸ் 10, 2015 ஜூலை 29இல் வெளிவந்தது. அந்த ஆண்டு மைக்ரோசொஃப்ட் ஊழியர் ஒருவர் மேடையிலேயே இதுதான் கடைசி விண்டோஸ் என்ற கருத்தில் பேசினார். உலகம் முழுக்க அதை நம்பியது. 2021 ஒக்டோபர் 5இல் விண்டோஸ் 11 வந்தது. அதுக்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேணும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை புரொசசரோ அதற்குப் பிந்தியதோ வேணும் என்றார்கள். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல்தான். அதற்கு முந்திய மெஷின் எவ்வளவு நல்லா ஓடினாலும் வாசலுக்கு வெளியேதான். பிறகு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளும் நிறுத்தப்பட்டன. இப்படிக் கழிக்கப்படக்கூடிய கொம்பியூட்டர்கள் உலகளவில் 24 கோடி இருக்கும் என்று கனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் மதிப்பிட்டிருந்தது.

அந்த 24 கோடியில் எங்கட லப்டொப்களும் அடக்கம். கம்பஸுக்கு வரும்போது கையில் இருப்பது என்ன? அண்ணா பாவித்து முடித்தது, வெளிநாட்டில் இருக்கிற மாமி அனுப்பினது, இல்லாட்டி கடையில் செகண்ட் ஹாண்டில் எடுத்தது. புதுசு வாங்கலாம் என்று காசு சேர்த்த வீடுகளின் கணக்கை 2022 கவிழ்த்துப் போட்டது. அந்த மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவளவில் நின்றது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. லப்டொப் டொலரில் வருகிற சாமான். அப்பாவின் சம்பளம் டொலரில் வருவதில்லை.

"அப்ப பாதுகாப்பு முக்கியமில்லையா? பழைய மெஷினை எத்தனை வருடத்துக்குத்தான் ஒரு கொம்பனி தூக்கிச் சுமக்கும்?" இந்தக் கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. டிபிஎம் சும்மா ஒரு சாட்டு இல்லை. உங்கட டிஸ்க்கைப் பூட்டும் திறவுகோலை அது பத்திரமாக வைத்திருக்கும். புது வன்பொருளில் சில தாக்குதல்களைத் தடுப்பது உண்மையிலேயே இலகு.

ஆனால் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். விண்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் எழுதப்படாமல் நிற்கவில்லை. அவை இன்னும் எழுதப்படுகின்றன. தொழிற்சாலைகளிலும் இயந்திரங்களிலும் ஓடுகிற விண்டோஸ் 10 ஐஓடி எல்டிஎஸ்சி 2021 என்ற பதிப்புக்கு 2032 ஜனவரி வரை ஆதரவு இருக்கிறது. வணிக நிறுவனங்கள் காசு கட்டி மூன்று வருடத்துக்கு வாங்கலாம்: முதல் வருடம் ஒரு மெஷினுக்கு 61 டொலர், பிறகு ஒவ்வொரு வருடமும் இரட்டிப்பு. சாதாரண ஆட்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரையான ஒரு வருடத்துக்கு 30 டொலர். காசில்லாட்டி உங்கட செட்டிங்ஸை மைக்ரோசொஃப்ட் கணக்கில் பக்அப் செய்யுங்கள், அல்லது அவர்களின் 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகளைக் கொடுங்கள் என்றார்கள்.

30 டொலர் என்றால் ஏறத்தாழ 9,000 ரூபா. 2025இல் கூட்டிய பிறகும் மகாபொல அந்த வருடம் மாதம் 7,500 ரூபாவாகத்தான் இருந்தது. ஒரு மாத மகாபொலவை முழுசாகக் கொடுத்தாலும் ஓட்டையை அடைக்கக் காணாமல் இருந்தது. திருத்தம் தயாராக அலுமாரிக்குள் இருக்கிறது, திறப்பு மட்டும் விலைக்கு. இதைத் தொழில்நுட்ப இயலாமை என்று எப்படிச் சொல்வது?

இதைவிட முக்கியமான கதை ஐரோப்பாவில் நடந்தது. அங்கே நுகர்வோர் அமைப்புகள் இந்த நிபந்தனைகளை எதிர்த்துக் கடிதம் எழுதின, சட்டத்தைக் காட்டின. 2025 செப்டெம்பரில் மைக்ரோசொஃப்ட் இறங்கி வந்தது: ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் காசும் வேண்டாம், பக்அப்பும் வேண்டாம், கணக்கில் அவ்வப்போது உள்நுழைந்தால் போதும் என்றது. அதே மென்பொருள், அதே ஓட்டை, அதே திருத்தம். பாரிசில் இருக்கிற மச்சாளுக்கு ஒரு விதி, பருத்தித்துறையில் இருக்கிற மச்சாளுக்கு வேறு விதி. ஏன்? அங்கே கேட்பதற்கு ஒரு அமைப்பு இருந்தது. இங்கே நாங்கள் கொமென்டில் டாஸ்க்பாருக்குக் கலர் கேட்டுக்கொண்டிருந்தோம்.

டாஸ்க்பார் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேணும். விண்டோஸ் 95 காலத்திலிருந்து அந்தப் பட்டையைத் திரையின் மேலேயோ பக்கத்திலோ இழுத்து வைக்கலாம். விண்டோஸ் 11 வந்தபோது அதைத் தூக்கிவிட்டார்கள். திறந்திருக்கிற ஜன்னல்களின் பெயர்களைத் தனித்தனியாகக் காட்டும் வசதியும் போனது. சனம் கத்தி, 2023இல்தான் அது திரும்பி வந்தது, அதுவும் புது வசதிகளின் பட்டியலில் ஒன்றாக! உங்கட வீட்டுக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு வருடம் கழித்துச் சுற்றிக் கட்டிப் பிறந்தநாள் பரிசாகத் தந்தால் நன்றி சொல்வீர்களா? நாங்கள் சொன்னோம். லைக்கும் போட்டோம்.

அதே நேரம் யாரும் கேட்காத ஒன்று தேடி வந்தது. 2024 மே மாதம் ரீகோல் என்ற வசதியை அறிவித்தார்கள். சில விநாடிக்கு ஒருமுறை உங்கள் திரையைப் படம்பிடித்துச் சேமித்து வைக்கும். பிறகு எப்போது வேண்டுமானாலும் நீங்கள் பார்த்ததைத் தேடி எடுக்கலாம். பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதன் முதல் வடிவத்தைத் திறந்து பார்த்தபோது, படங்களிலிருந்து எடுத்த எழுத்தெல்லாம் தனியாகக் குறியாக்கம் செய்யப்படாத ஒரு தரவுத்தளத்தில் கிடந்தது. எதிர்ப்பு வந்ததால் தள்ளிப்போட்டு, பூட்டுகளைப் பலப்படுத்தி, விரும்பினால் மட்டும் இயக்கலாம் என்று மாற்றி, 2025 ஏப்ரலில் வெளியிட்டார்கள். அதுவும் புது வகைக் கொம்பியூட்டர்களில் மட்டும். இன்றைக்கு எங்கட மெஷினில் அது ஓடாது, சரி.

ஆனால் யோசியுங்கள். 1979ஆம் ஆண்டு பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் முகநூல் பதிவுக்காகவே இளைஞர்கள் கைதான நாடு இது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்களோடு வேலை செய்கிறவர்கள், காணிப் பிரச்சினையை எழுதுகிற பத்திரிகையாளர்கள், அவர்களை நேர்காணல் செய்து ஆய்வுக் கட்டுரை எழுதுகிற எங்கட பட்ச் பிள்ளைகள், இவர்களின் லப்டொப்பில் என்ன இருக்கும்? மெஷின் கையைவிட்டுப் போய், கடவுச்சொல்லும் வற்புறுத்தி வாங்கப்பட்டால், எந்தப் பூட்டும் பூட்டில்லை. கலிபோர்னியாவில் அது "போன கிழமை பார்த்த சமையல் குறிப்பைத் தேடும் வசதி". இங்கே அது ஒரு சாட்சியின் பெயர்ப் பட்டியலாக மாறலாம். மறக்கத் தெரிந்த கொம்பியூட்டர்தான் எங்களுக்கு வேண்டிய வசதி. அதை எந்த டொப் 10 பட்டியலிலும் காணவில்லை.

தமிழுக்கு வருவோம். விண்டோஸ் 2000இலேயே தமிழ் யூனிகோட்டும் லதா எழுத்துருவும் வந்துவிட்டன. கால் நூற்றாண்டு கடந்தும் எங்கட அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் விரிவுரைக் குறிப்புகளிலும் பாமினி ஆட்சிதான். இதில் மைக்ரோசொஃப்ட்டைக் குறை சொல்லித் தப்ப முடியாது. பாமினியில் அடித்த கோப்பின் உள்ளே உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள். தமிழ் உருவம் மேலே போட்ட சட்டை மட்டும்தான். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் சட்டை கழன்றுவிடும். கலைப்பீடத்தில் பார்வைக் குறைபாடுள்ள மாணவர்கள் படிக்கிறார்கள். அவர்களின் திரைவாசிப்பான் பாமினிக் குறிப்பைத் திறந்தால் பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியலைத்தான் வாசிக்கும். விண்டோஸின் தமிழ்க் குரலுக்கு வள்ளுவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர்தான். ஆனால் நாங்கள் பாமினியில் கொடுத்தால் வள்ளுவராலும் வாசிக்க ஏலாது. இந்த ஒன்றை மாற்ற எந்த அப்டேட்டும் வர வேண்டியதில்லை. ஒரு துறைத் தலைவரின் சுற்றறிக்கை போதும்.

இப்ப யாரோ ஒருவர் நக்கலாகக் கேட்பார்: "கடையில் ஐந்நூறு ரூபாக்குக் கள்ள விண்டோஸ் போட்டுக்கொண்டு உரிமை பற்றிக் கதைக்கிறியளோ?" கேட்கட்டும். எங்களில் கனபேர் பாவிப்பது அதுதான், இது ஊரறிந்த ரகசியம். ஆனால் அதுதான் எங்கட வாயை அடைக்கிற பூட்டும். திருட்டுப் பதிப்பு எங்களுக்கு இலவசமாகத் தெரிகிறது. விலை வேறு விதத்தில் போகிறது. கிராக் செய்த கோப்போடு என்ன வந்தது என்று தெரியாது, அப்டேட்டை நிறுத்தி வைக்கச் சொல்லுவார் கடைக்காரர், முறையிட இடமில்லை. கொம்பனிக்கும் பெரிய நட்டமில்லை: நாங்கள் அதிலேயே பழகி, நாளைக்கு வேலைக்குப் போகும் கந்தோரில் அதையே வாங்கச் சொல்வோம். வாடிக்கையாளரும் இல்லை, சுதந்திரமானவர்களும் இல்லை என்ற இந்த நடுவாந்திர நிலையில் இருந்து வெளியே வராமல் யாரிடமும் எதையும் கேட்க முடியாது.

லினக்ஸுக்கு மாறினால் எல்லாம் முடிந்தது என்று பிரசங்கம் வைக்க மாட்டேன். அடோபி மென்பொருள்கள் அதில் நேரடியாக ஓடாது. வேர்டில் கஷ்டப்பட்டு ஒழுங்குபடுத்திய அசைன்மென்ட் சில வேளை குழம்பும். அதுக்காகப் பயந்து நிற்கவும் தேவையில்லை. விண்டோஸ் 11 வாசலில் மறித்த மெஷினில் லினக்ஸ் மின்ட் நல்லா ஓடும், பாதுகாப்புத் திருத்தமும் இலவசம். கேரளத்து அரச பாடசாலைகள் பல வருடங்களுக்கு முன்னமே கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டன. கைட் என்ற அரச நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்து, தங்கட பாடத்திட்டத்துக்கு ஏற்ற இயங்குதளத்தையே வெளியிடுகிறது. அவர்கள் வசதிப் பட்டியல் எழுதிவிட்டுக் காத்திருக்கவில்லை. ஆசிரியர்களைப் பயிற்றினார்கள், தாங்களே செய்தார்கள்.

ஆகவே பட்டியல் போடுவதென்றால் இப்படிப் போடுவோம். ஒன்று, பல்கலைக்கழகங்களிடம்: எல்லாக் குறிப்பும் அறிவித்தலும் யூனிகோடில் வர வேணும். கல்வி நிறுவனங்களுக்கு விண்டோஸ் 10 நீட்டிப்பு முதல் வருடம் ஒரு மெஷினுக்கு 1 டொலர், பிறகு 2, பிறகு 4 என்றுதான் அறிவிக்கப்பட்டது. ஆய்வுகூட மெஷின்களைப் பாதுகாப்பில்லாமல் விடுவதற்குச் சாட்டு இல்லை. இரண்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம்: ஒரு லப்டொப்பை விற்கும்போது அதன் இயங்குதளத்துக்கு எந்தத் திகதி வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்று பெட்டியில் எழுதச் சொல்லுங்கள். பிஸ்கட் பக்கற்றிலேயே காலாவதித் திகதி இருக்கிற நாட்டில் இது பெரிய கேள்வி இல்லை. மூன்று, மைக்ரோசொஃப்ட்டிடம்: ஐரோப்பாவுக்குக் கொடுத்ததை எங்களுக்கும் கொடுங்கள். நான்கு, எங்களிடமே: கம்பஸில் ஒரு சனிக்கிழமை, பழைய மெஷின்களைக் கொண்டுவந்து சேர்ந்திருந்து லினக்ஸ் போடுவோம். தெரிந்த இரண்டு பேர் இருந்தால் காணும்.

இந்த நாலில் ஒன்றுகூட யூடியூப்பில் வைரலாகாது. தம்நெயிலில் வாயைப் பிளந்து நிற்க அதில் ஒன்றும் இல்லை. ஆனால் மகாபொலவில் படிக்கிற ஒரு பிள்ளையின் லப்டொப் இன்னும் மூன்று வருடத்துக்கு, டிகிரி முடியும்வரைக்கும், பயமில்லாமல் ஓடும். இதைவிட நல்ல வசதி ஒன்று இருந்தால் கொமென்டில் சொல்லுங்கோ, கதைப்பம்.