ஆயில் ஊற்றினால் கசிவு நிற்காது

ஒரகடத்துத் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவரும் புதிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டீயரிங் ஆயிலே கிடையாது. திருப்புவதற்கு மின்மோட்டார் உதவுகிறது. ஆனால் அதே சாலையில் ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகளும் கன்டெய்னர் லாரிகளும், 1999 வாக்கில் இந்த வட்டாரத்திலேயே உருவான அக்சென்ட், ஐகான் போன்ற கார்களும் ஆயில் அழுத்தத்தை நம்பித்தான் திரும்புகின்றன. வயதான வண்டியில் அந்த ஆயில் கசிந்தால் பலரும் செய்வது ஒன்றுதான்: ஒரு பாட்டில் வாங்கி ஊற்றிவிட்டுக் கிளம்புவது. அந்தப் பழக்கத்தை விட்டாக வேண்டும். எஞ்சின் ஆயிலைப் போல இது எரிந்து குறைவதில்லை. மூடிய சுற்றுக்குள் ஓடும் ஆயிலின் அளவு இறங்கினால், எங்கோ வழி திறந்திருக்கிறது என்றுதான் பொருள்.

அந்த வழி பெரும்பாலும் ஓஸ் இணைப்பிலோ, பம்பின் சீலிலோ, சக்கரங்களைத் திருப்பும் ரேக்கின் முனையிலோ இருக்கும். ரேக் முனையில் கசிந்தால் ரப்பர் உறைக்குள்ளேயே ஆயில் தேங்கிவிடுவதால் தரையில் சொட்டுகூடத் தெரியாது. உறையை அழுத்திப் பார்த்தால்தான் புலப்படும். அடிப்பகுதியை நன்றாகத் துடைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பினால் ஈரம் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடும். முழுதாகத் திருப்பிய நிலையில் ஸ்டீயரிங்கைச் சில நொடிகளுக்கு மேல் அழுத்திப் பிடிக்கக் கூடாது. அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும். ரிட்டர்ன் ஓஸின் கிளாம்ப் தளர்ந்திருப்பதுதான் காரணம் என்றால், அது மிகச் சிறிய செலவு. அதைக் கவனிக்காமல் விட்டால் காற்று புகுந்து ஆயில் நுரைக்கும், பம்ப் முனகும். பம்புக்கு மசகும் அதே ஆயில்தான் என்பதால், வறண்டு ஓடும் பம்ப் தேய்ந்து, இரும்புத் துகள் ரேக் வரை போய்ச் சேரும். சூடான சைலன்சர் குழாயில் ஆயில் தெறித்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

ஆயில் தீர்ந்தாலும் வண்டி திரும்பத்தானே செய்யும் என்பார்கள். திரும்பும், ஆனால் ஆள் நிறைந்த பேருந்து வளைவில் இருக்கும்போது திடீரென்று கை கனத்தால் ஓட்டுநர் என்ன செய்வார்? கசிவை அடைக்கும் மருந்துப் பாட்டில் ரப்பரை ஊதவைத்துச் சில காலம் தாக்குப்பிடிக்கும். அறுந்த சீலை அது ஒட்டாது. பழைய வண்டிக்குப் பாகம் கிடைக்காது என்பது மட்டும் நியாயமான கவலை. ஐகானைத் தந்த மறைமலைநகர் ஆலையே 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனாலும் சீல் பலவும் அளவு சொன்னால் கிடைப்பவை. பொக்லைனுக்கு ஓஸ் அடித்துத் தரும் ஹைட்ராலிக் கடைக்காரரால் அழுத்தத்துக்கேற்ற ஓஸும் செய்து தர முடியும். கசிவைக் கண்டுபிடிக்க இன்னொரு வாய்ப்பும் உண்டு: எட்டு ஆண்டைத் தாண்டிய வாடகை வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்காக (எஃப்.சி.) காட்டியாக வேண்டும். ஆனால் கழுவித் துடைத்து நிறுத்திய வண்டியில் கசிவு தெரியாது. ஆய்வாளர் எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லி, கீழே குனிந்து பார்க்க வேண்டும். பேருந்தை ஒப்பந்தத்துக்கு எடுக்கும் தொழிற்சாலைகள் எஃப்.சி. நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்தச் சோதனையை மாதம் ஒருமுறை செய்வதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.