நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு: மூணு ஊரா, ஒரே ஊரா?

"எந்த ஊர் காலேஜ்?" என்று கேட்டால் எங்கள் மாவட்டத்தில் சில பேர் பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிப்பார்கள். பாச்சலில் படிக்கிறவனைக் கேட்டுப் பாருங்கள். சொந்தக்காரர்களிடம் நாமக்கல் என்பான். ராசிபுரத்துக்காரனிடம் "உங்க ஊர்ப்பக்கம்தான்" என்பான். சென்னையில் இண்டர்வியூவுக்குப் போனால் சேலம் என்றே சொல்லிவிடுவான் :-)

இது வெறும் பெயர்ச் சிக்கல் இல்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு மூணும் கல்லூரி ஊர்கள். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி, அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி. ராசிபுரம் ஆண்டகளூர் கேட்டில் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரி. திருச்செங்கோட்டைச் சுற்றித் தனியார் கல்லூரிகள், அதிலும் பொறியியலும் பெண்கள் கல்லூரியும் அதிகம். நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் 30 கிலோமீட்டருக்குள், திருச்செங்கோடு 40க்குள். இவ்வளவு பக்கத்தில் இருக்கிற மூணு ஊரை ஒரே சமூகம் என்று எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா? எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் எங்கிருந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கொல்லிமலைக்கு ரெண்டு ரோடு. காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவு உள்ள ரோடு, இறங்கினால் சேந்தமங்கலம் வழியாக நாமக்கல்லில் விடும். இன்னொன்று முள்ளுக்குறிச்சிப் பக்கம் இறங்கி ராசிபுரத்தில் விடும். மலையில் பிளஸ் டூ முடித்தவர்களில் எந்தப் பக்கம் இறங்குவது என்பதை மார்க் பாதி முடிவு செய்யும், வீடு எந்த ரோட்டுக்குப் பக்கம் என்பது மீதியை முடிவு செய்யும். கீழே இருக்கிறவர்களுக்கு அது மூணு ஊர். மேலேயிருந்து இறங்குகிற எங்களுக்கு எல்லாமே "கீழ்நாடு"தான்.

சரி, ஒரே ஊர் இல்லை என்பவர்கள் சொல்வதையும் கேட்போம். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாமக்கல் என்றால் முட்டை, லாரி. ராசிபுரம் என்றால் நெய். திருச்செங்கோடு என்றால் ரிக் வண்டி, விசைத்தறி, மலைமேல் அர்த்தநாரீஸ்வரர். ஒவ்வொன்றுக்கும் தனித் தொழில், தனிப் பெருமை. அதற்கு மேல் பழைய மனத்தாங்கலும் உண்டு. 1997ல் சேலத்திலிருந்து மாவட்டம் பிரிந்தபோது நாமக்கல் தலைநகர் ஆனது. 2004 தேர்தல் வரை ராசிபுரம் ஒரு மக்களவைத் தொகுதி, திருச்செங்கோடு இன்னொரு தொகுதி. தொகுதி மறுசீரமைப்பில் ரெண்டு பெயரும் போய்விட்டது. 2009 தேர்தலில் ராசிபுரம், சேந்தமங்கலம், நாமக்கல், பரமத்தி வேலூர், திருச்செங்கோடு, சங்ககிரி ஆறும் நாமக்கல் என்ற ஒரே தொகுதிக்குள் வந்தன. 2013ல் சேலம் - கரூர் ரயில் பாதை வந்தபோது ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் ஸ்டேஷன் கிடைத்தது. திருச்செங்கோட்டுக்காரர்கள் இன்றைக்கும் ரயிலுக்கு சங்ககிரிக்கோ ஈரோட்டுக்கோ போகிறார்கள். 2024ல் நாமக்கல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. "ஒரே ஊர்" என்று சொன்னால், "அதாவது எல்லாம் நாமக்கல் என்கிறீர்கள்" என்று மற்ற ரெண்டு ஊர்க்காரர்கள் சந்தேகப்படுவது இயல்புதான்.

இந்த சந்தேகம் நம்ம ஊரில் மட்டும் இல்லை. குஜராத்தில் ஆனந்த் பக்கத்திலேயே வல்லப் வித்யாநகர் என்று கல்விக்காகவே உண்டாக்கிய ஊர், அதை ஒட்டிக் கரம்சத். 2025ல் மூணையும் சேர்த்து ஒரு மாநகராட்சி ஆக்கினார்கள். கரம்சத் சர்தார் படேலின் ஊர். அந்தப் பெயர் காணாமல் போய்விடும் என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் கரம்சத் - ஆனந்த் மாநகராட்சி என்று பெயர் வைக்க வேண்டி வந்தது. ஆக, பெயரை அழிக்கிற இணைப்பு யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது.

ஆனால் ஒரே சமூகமாக இருப்பதற்கு ஒரே நகராட்சியாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? சிதம்பரத்தைப் பாருங்கள். சிதம்பரம் நகராட்சி, பல்கலைக்கழகம் இருக்கும் அண்ணாமலை நகர் தனிப் பேரூராட்சி. அங்கே படித்தவரைக் கேட்டால் "சிதம்பரத்தில் படித்தேன்" என்பார். நம்ம மாவட்டத்திலேயே குமாரபாளையம் இருக்கிறது. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பவானி, அது ஈரோடு மாவட்டம். பாலத்தின் மேல் ஆள் நடந்து போய் சாமான் வாங்கி வருகிறார்கள். கோடு வரைபடத்தில் இருக்கிறது, வாழ்க்கையில் இல்லை.

எங்கள் மலையே இதற்கு உதாரணம். கொல்லிமலையில் 14 ஊராட்சிகள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று எல்லாப் பெயரும் "நாடு" என்றே முடியும். 2011 கணக்கெடுப்பில் சுமார் 40 ஆயிரம் பேர் இருந்த மலைக்கு 14 நாடு! ஆனாலும் சோளக்காட்டு சந்தைக்கு எல்லா நாட்டுக்காரர்களும் வருவார்கள். ஆடியில் செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கும், ஆடிப்பெருக்குக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் எல்லோரும் வருவார்கள். யாரும் தன் நாட்டின் பெயரை விட்டுவிட்டு வருவதில்லை. பெயர் தனி, சந்தையும் சாமியும் பொது. அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே என் அளவுகோல் இது: ஒரு ஊர் மாணவன் அடுத்த ஊரில் எதையெல்லாம் தன்னுடையது மாதிரி பயன்படுத்த முடிகிறது?

இந்த அளவுகோலை வைத்து நம்ம மூணு ஊரையும் அளந்தால் வேடிக்கையாக இருக்கும். மேலிடம் எல்லாம் நம்மை ஏற்கெனவே ஒன்றாகத்தான் வைத்திருக்கிறது. மூணு ஊரின் கலைக் கல்லூரிகளும் 1997ல் சேலத்தில் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ். பொறியியல் என்றால் எல்லோருக்கும் அண்ணா பல்கலைக்கழகம். தன்னாட்சிக் கல்லூரிகளை விட்டுவிட்டால் ஒரே பாடத்திட்டம், ஒரே நாளில் ஒரே கேள்வித்தாள். தனியார் கல்லூரிகளும் நம்மை ஒன்றாகத்தான் பார்க்கின்றன. காலையில் ரோட்டில் நின்று பாருங்கள், திருச்செங்கோட்டுக் கல்லூரியின் மஞ்சள் பஸ் ராசிபுரத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும், ராசிபுரத்துக் கல்லூரி பஸ் எதிரே வரும். ஃபீஸ் வாங்கும்போது மாவட்டம் முழுக்க ஒரே ஊர்.

பஸ் ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைக்குத்தான் இது மூணு ஊராகப் பிரிந்து கிடக்கிறது.

அரசுக் கல்லூரி மாணவனின் இலவச பஸ் பாஸை எடுத்துப் பாருங்கள். வீட்டிலிருந்து கல்லூரிக்கு ஒரு வழி, அவ்வளவுதான். ராசிபுரத்தில் படிக்கிறவன் நாமக்கல் மாவட்ட மைய நூலகத்துக்குப் போக வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்க வேண்டும். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, நல்ல விஷயம். ஆனால் ஊர் விட்டு ஊர் போகும் பஸ்ஸில் அது செல்லாது. நாமக்கல்லும் ராசிபுரமும் வேறு வேறு ஊர் என்று அரசாங்கம் சொல்லும் இடம் அந்த பஸ் படிக்கட்டுதான்.

இன்னொரு பக்கம் பாருங்கள். அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு 2022லிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். ஆண்களுக்கு 2024லிருந்து தமிழ்ப் புதல்வன். இந்தப் பணம் எந்த ஊர்க் கல்லூரி என்று பார்ப்பதில்லை. பிள்ளை எங்கே போகிறதோ அங்கே போகிறது. பணம் பிள்ளையோடு போக முடியும் என்றால் பஸ் பாஸ் ஏன் போக முடியாது?

மலையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். செம்மேட்டிலிருந்து நாமக்கல்லுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினமும் போய் வருவது ஆகாத காரியம், அதனால் விடுதி வேண்டும். சீட் ஒரு ஊரில் கிடைக்கும், விடுதி இடம் இன்னொரு ஊரில் காலியாக இருக்கும். நடுவில் 30 கிலோமீட்டர், கையில் அந்த வழிக்குச் செல்லாத பாஸ். ஒரு வருடம் தாக்குப் பிடித்துவிட்டு மலைக்கே திரும்பி மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். மிளகு பார்ப்பது கேவலம் இல்லை. விரும்பி பார்க்க வேண்டும், பஸ் பாஸால் பார்க்கக் கூடாது.

"இதெல்லாம் நடக்கிற கதையா?" என்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹெர்ஸ்ட், நார்தாம்ப்டன், சவுத் ஹேட்லி என்று பக்கத்துப் பக்கத்தில் மூணு சின்ன ஊர்கள். அங்கே ஆம்ஹெர்ஸ்ட், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் கல்லூரிகளும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகமும் 1965ல் கூட்டமைப்பு ஒன்றை உண்டாக்கின. 1970ல் திறந்த ஹாம்ப்ஷயர் கல்லூரியும் சேர்ந்து ஐந்து கல்லூரிக் கூட்டமைப்பு ஆனது. ஒரு கல்லூரி மாணவர் இன்னொரு கல்லூரியில் பாடம் எடுக்கலாம், புத்தகம் வாங்கலாம், நடுவில் பஸ்ஸும் விட்டார்கள். ஊர்கள் அப்படியே தனித்தனி ஊர்களாக இருந்தன. கல்லூரிகளும் போட்டி போடுவதை நிறுத்தவில்லை. அவர்களுக்குப் பணம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் இதில் பணம் கேட்கும் பகுதி பஸ் மட்டும்தான், நம்மிடம் பஸ் ஏற்கெனவே ஓடுகிறது.

எனவே நான் கேட்பது மூணே விஷயம்.

1. அரசுக் கல்லூரி மாணவரின் பாஸ் நாமக்கல் மாவட்டம் முழுவதும் செல்ல வேண்டும், கொல்லிமலை உட்பட.

2. மூணு ஊர் அரசுக் கல்லூரி நூலகங்களிலும் பக்கத்து ஊர் மாணவர் அடையாள அட்டையைக் காட்டி உட்கார்ந்து படிக்க அனுமதி. வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம், உட்கார நாற்காலி போதும்.

3. அரசு விடுதிகளில் எந்த ஊரில் எத்தனை இடம் காலி என்று அட்மிஷன் சமயத்தில் ஒரே பட்டியலாக எல்லாக் கல்லூரி நோட்டீஸ் போர்டிலும் ஒட்ட வேண்டும், செம்மேட்டிலும் ஒட்ட வேண்டும்.

இதற்குத் தொகுதிப் பெயரை மாற்ற வேண்டாம். ராசிபுரம் நெய் ராசிபுரம் நெய்யாகவே இருக்கட்டும். திருச்செங்கோட்டு ரிக் இந்தியா முழுக்க போர் போடட்டும். மாநகராட்சி பட்டம் நாமக்கல்லிடமே இருக்கட்டும். கிரிக்கெட் மேட்சில் மூணு ஊர்ப் பசங்களும் தாராளமாக அடித்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

ஆனால் "நாமக்கல் மாவட்டம் கல்வி மாவட்டம்" என்று மேடையில் பேசுகிறவர்களிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அரியூர் நாட்டுப் பெண் முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கினாலும் சரி, காரவள்ளி வழியாக இறங்கினாலும் சரி, அவளுக்கு அதே நூலகம், அதே விடுதி, அதே பஸ் கிடைக்கிறதா? கிடைத்தால் நாம் ஒரே ஊர். கிடைக்காதவரை, ஒரே கேள்வித்தாள் எழுதும் மூணு வேற்றூர்கள்தான்.